வாசல் காவல்

— பின்வாசல் வழியா வந்தா விட்டுருவேன்னு நெனச்சியா கிளியோ?

— முன்வாசல்ல மூணு தடவை தட்டினேன் அண்ணி. நீங்க திரையை விலக்கிப் பார்த்ததையும் பார்த்தேன், மறுபடி மூடினதையும் பார்த்தேன்.

— பார்த்தல்ல? அப்புறம் எதுக்கு வீட்டைச் சுத்திக்கிட்டு வந்த?

— டெட்ராய்ட்லேருந்து அலபாமா வரைக்கும் ஒரு நாள் முழுக்க பஸ்ல குந்திக்கிட்டு வந்திருக்கேன். அதுக்காகவாவது ஒரு வாய் தண்ணி குடுக்கலாம். நாற்காலி வேணாம். உக்காந்தாதான் வலிக்குது.

— வாய் மட்டும் அப்படியே இருக்கு. தலைதான் பஞ்சு மாதிரி வெளுத்துப் போச்சு. இந்தா, டீ. ஐஸ் போட்டிருக்கு. குடிச்சிட்டுக் கெளம்பு.

— சர்க்கரை?

— உங்க ஊர் மாதிரி கஞ்சத்தனமாவா போடுவாங்க இங்க? குடி. யாரு உன்னைக் கூப்பிட்டது?

— ஜெனீவாதான். "சித்தப்பா, லைப்ரரிக்கு அப்பா பேரு வைக்கிறாங்க, நீங்க வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன்"னு நாலு பக்கம் எழுதியிருந்தா. நான் போறப்போ ஒன்பது வயசு. இப்ப டீச்சரம்மா. என்னமா எழுதுறா அண்ணி!

— அவ அப்பன் மாதிரி. நெனச்சதை நடத்தாம ஓய மாட்டா. விடிஞ்சதுமே போயிட்டா, நாற்காலி எல்லாம் போடணும்னு. பதினொரு மணிக்கு எனக்கு வண்டி வருதாம். மேயரோட வண்டி.

— மணி பத்தே முக்கால் ஆச்சு. நீங்க இன்னும் அடுப்படித் துணியோட நிக்கிறீங்க?

— நான் போகலை.

— அண்ணி!

— போகலைன்னா போகலை. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த அந்த லைப்ரரி படிக்கட்டுல உக்காந்து பேப்பர் படிச்சதுக்கு உங்க அண்ணனை ஒன்பது நாள் ஜெயில்ல வெச்சாங்க, மறந்துட்டியா? உள்ளகூடப் போகலை. வெறும் படிக்கட்டு. இப்ப அதே கதவுக்கு மேல பித்தளையில 'லெமுவேல் டாலிவர்'. போதகர்ங்கிறதை மட்டும் பொடி எழுத்துல போட்டிருக்காங்க. இடம் பத்தலையாம்.

— பொடி எழுத்தா இருந்தா என்ன, நம்ம பிள்ளைங்க அந்தக் கதவு வழியா உள்ள போகுதுல்ல?

— மேயர் யாருன்னு தெரியுமா உனக்கு? ஓட்டுக்காக நாம கோர்ட்டு வாசல்ல வரிசையில நின்னப்போ, எதிர்ல மருந்துக்கடை வாசல்ல நின்னு நம்மளைப் பார்த்துச் சிரிப்பானுங்களே, அதுல ஒருத்தன். சோடா உறிஞ்சிக்கிட்டே சிரிப்பான். போன வாரம் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க வீட்டுக்காரர் இந்த ஊரோட சொத்து"ங்கிறான். கையை மூணு தடவை கழுவினேன்.

— சிரிச்சவன் வந்து கையைப் பிடிக்கணும்னுதானே அண்ணன் அவ்வளவும் பட்டாரு.

— அது உங்க அண்ணன். எனக்கு அவ்வளவு பெரிய மனசைக் கடவுள் குடுக்கலை.

— அந்த வரிசையில நானும் நின்னவன்தான் அண்ணி. ஓட்டுப் பட்டியல்ல பேர் எழுதப் போனா, மை தீர்ந்துபோச்சுன்னு ஜன்னலைச் சாத்துவானே அந்தக் குமாஸ்தா...

— மூணு நாளும் அதே பதில். வெள்ளைக்காரன் வந்தா மட்டும் மை ஊறும்.

— நாலாம் நாள் அண்ணன் இவ்வளவு பெரிய மை பாட்டிலோட போனாரு. தொப்பியைக் கழட்டிட்டு, "ஐயா, எங்க சபையோட காணிக்கை"ன்னு ஜன்னல் வழியா நீட்டினாரு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. வரிசை முழுக்கச் சிரிச்சிருச்சு.

— அதுதான் அவனுக்குப் பொறுக்கலை.

— மூடியைத் திறந்து அண்ணன் நெஞ்சுல அப்படியே கவுத்தான். நான் கையை ஓங்கிட்டேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கலை, என் மணிக்கட்டைப் பிடிச்சாரு. "கிளியோ, வரிசை கலைஞ்சா மறுபடி கடைசியில போய் நிக்கணும்"னாரு. அவ்வளவுதான். சாயங்காலம் ஜன்னல் சாத்துற வரைக்கும் அதே சட்டையோட நின்னாரு. அன்னைக்கு நானும் ஒருத்தரையும் அடிக்கலை. இன்னைக்கும் அந்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கிறேன்.

— அந்தச் சட்டையைக் கேட்டு மியூசியத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. கண்ணாடிப் பெட்டியில வைக்கணுமாம். கிழிச்சுத் தரை துடைச்சிட்டேன்னேன்.

— நெசமாவா?

— பின்ன? ஞாயித்துக்கிழமைக்கு அவருகிட்ட இருந்ததே ரெண்டு வெள்ளைச் சட்டை. வெளுத்து வெளுத்துப் பார்த்தேன். கறையும் போகலை, துணியும் நிக்கலை. அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே. பைபிளைக் கிழிச்சவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தா.

— சிரிச்சுட்டீங்க.

— சிரிக்கலை.

— சிரிச்சீங்க. பார்த்தேன்.

— சரி, சிரிச்சேன். மேடையில பாரு, பிறந்ததுலேருந்தே சாதுன்னு பேசுவாங்க. தொட்டில்லயே கை கூப்பிக்கிட்டுக் கிடந்தாருங்கிற மாதிரி.

— சாதுவா? அண்ணனா? எங்க வீட்டுல முரடன் நான் இல்ல அண்ணி. அவருதான். பஞ்சு மில்லுல எடை போடுறவன் எங்கப்பாவை ஏமாத்தினான்னு, பதினேழு வயசுல போய் அவன் பல்லை உடைச்சாரு.

— இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே!

— எப்படிச் சொல்லுவாரு? அண்ணன் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுட்டாரு. மில்லு ஆளுங்க வீட்டுக்கு வந்து, அண்ணன் கிடைக்கலைன்னு எங்கப்பாவை இழுத்துட்டுப் போனாங்க. வண்டிச் சக்கரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. அப்பாவுக்கு அப்புறம் முதுகு நிமிரவே இல்ல. "அடிச்சது நான், வாங்கினது அப்பா"ன்னு அண்ணன் ஒரே ஒரு தடவை என்கிட்ட சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு நாயைக்கூட அதட்டலை.

— இருபது வருஷம் ஒரே கட்டில்ல படுத்தேன். அந்த மனுஷன் இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டே பக்கத்துல படுத்திருந்திருக்காரு.

— அண்ணி, உக்காருங்க.

— இந்தக் கதையைப் பித்தளையில எழுதச் சொல்லு, நான் வர்றேன். என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'இவர்களை நான் மன்னிக்கிறேன்'. கடைசியா அப்படிச் சொல்லிட்டுத்தான் உயிரை விட்டாராம்.

— சொல்லலையா?

— என் மடியிலதான தலை இருந்துச்சு. என்னை யாராவது கேட்டாங்களா? "ஜெனீவாவை வெளியில விடாதே"ன்னாரு. அவ்வளவுதான். பிள்ளை பார்த்துடக் கூடாதுன்னு. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவ ஏற்கனவே அங்க நின்னுக்கிட்டு இருந்தா. திரும்பி அவரைப் பார்க்கிறேன், போயிட்டாரு.

— இது எனக்குத் தெரியாது அண்ணி.

— எப்படித் தெரியும்? அங்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— வந்துட்டீங்களா அந்த இடத்துக்கு.

— எங்க போனேன் வர்றதுக்கு? பதினாலு வருஷமா அங்கதான் இருக்கேன். ரெண்டு வருஷம், கிளியோ. சூரியன் இறங்கினாப் போதும், வராந்தாவில நாற்காலியைப் போட்டு, முழங்கால் மேல துப்பாக்கியை வெச்சுக்கிட்டு உக்காந்திருவ. அந்த வெள்ளைக்காரனுங்களோட பச்சை வண்டி தெருவுக்குள்ள திரும்பும், உன்னைப் பார்க்கும், அப்படியே போயிரும். எத்தனை தடவை! ஒரே ஒரு சனிக்கிழமை நீ இல்ல. வண்டி நின்னுச்சு.

— அண்ணனைச் சுட்ட அந்த ரெண்டு பேரையும் கோர்ட்டுல முக்கால் மணி நேரத்துல குற்றமில்லைன்னு விட்டாங்களாமே. ஜெனீவா எழுதியிருந்தா.

— பேச்சை மாத்தாத. கல்லறையில நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லு.

— எதுக்கு அண்ணி இப்ப?

— சொல்லுன்னேன்.

— "கோழை மண்ணு போட வந்திருக்கான், வழி விடுங்க"ன்னீங்க. சபை முழுக்கக் கேட்டுச்சு. வழியும் விட்டாங்க. மண்ணைப் போட்டேன், மறுநாள் பஸ் ஏறிட்டேன். நம்ம சனம் ஒருத்தர்கூட வழியனுப்ப வரலை.

— ஏன் வரலை அன்னைக்கு?

— பயந்துட்டேன்.

— நீயா? ஷெரிஃப் வந்து துப்பாக்கியைக் கீழ வைன்னப்போ, "எனக்கு முட்டி வலி, குனிய முடியாது"ன்னவன் நீ.

— அது வேற. அன்னைக்கு ரூஃபஸ் வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தேன். குடிச்சிருந்தேன்.

— முதல்ல பயம்னு சொன்ன. இப்ப சீட்டுங்கிற.

— பயத்துலதான் குடிச்சேன். குடிச்சுத்தான் சீட்டாடினேன். போதுமா?

— காலையில உங்க அண்ணன் உன் வீட்டுக்கு வந்தாருல்ல?

— வந்தாரு. ரம்பம் கேட்டு வந்தாரு. சபையில ஒரு பெஞ்சு கால் ஆடுதுன்னாரு.

— ரம்பம்.

— ஆமா அண்ணி.

— வேற ஒண்ணும் பேசலை?

— மழை வரும்போல இருக்குன்னாரு.

— வந்துச்சா?

— வரலை.

— சரி. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாதே. ஹேஸல் பெட்வேன்னு ஒருத்தி, நம்ம சபைப் பாட்டுக் குழுவுல எனக்குப் பக்கத்துல நிக்கிறவ. அவ மகன் ஆர்லனை அந்த வாரம் வரிசையில வெச்சு தாடையை உடைச்சாங்களே. திருப்பி அடிக்கலை. உங்க அண்ணன் சொன்னபடியே கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேஸல் இங்க வந்தா. வராந்தாவில உன்னைப் பார்த்தா, துப்பாக்கியைப் பார்த்தா. உள்ள வந்து என்கிட்ட மெதுவாத்தான் கேட்டா. "ஒடெஸா, என் பிள்ளைக்கு வெறுங்கை, உன் புருஷனுக்கு மட்டும் துப்பாக்கிக் காவலா?" கேட்டுட்டுப் போயிட்டா.

— அண்ணி, விடுங்க...

— பேசாதேன்னேன்ல? சாப்பாட்டு மேசையில உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். "ஒண்ணு, அந்தப் பிள்ளைங்களைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்க. இல்ல, உங்க தம்பியை வாசல்லேருந்து எழுந்திருக்கச் சொல்லுங்க. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் ஹேஸல் பக்கத்துல நின்னு பாட முடியாது"ன்னேன். அவரு சோள ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வெச்சாரே தவிர, வாயில போடலை.

— நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே.

— தப்பு இல்லைன்னுதான் தூக்கம் வரலை. தப்பா இருந்தா அழுது தீர்த்திருப்பேன்.

— இதோ பாருங்க. அண்ணன் என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை பேசலை. சத்தியமாப் பேசலை. துப்பாக்கியைப் பத்தின பேச்சே வரலை. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் வந்திருக்கணும், வரலை. அவரு போயிட்டாரு.

— சத்தியமா?

— சத்தியமா.

— போதகரோட தம்பி பொய்ச் சத்தியம் பண்ணலாமா?

— பொய் எதுக்கு அண்ணி சொல்லப் போறேன்? டெட்ராய்ட்ல கார் கதவுக்குத் திருகாணி முடுக்கிக்கிட்டு இருக்கிறவன். எனக்கு இதுல என்ன கிடைக்கப் போகுது?

— இன்னைக்கு ஜெனீவா உன்னை மேடையில ஏத்துவா. வயசானவங்க எல்லாம் முன் வரிசையிலதான் இருப்பாங்க. அவங்க மனசுல இருக்கிற கேள்வி உனக்கே தெரியும். என்ன சொல்லுவ?

— இதையேதான் சொல்லுவேன். தம்பி கோழை, அண்ணன் கோழை இல்லைன்னு. ஊர் ஏத்துக்கிட்ட விஷயம்தானே, புதுசா யாருக்கும் வலிக்காது.

— உனக்கு?

— எனக்குப் பழகிருச்சு. கேட்டீங்களா, வெளியில ஹாரன். வண்டி வந்திருச்சு. வாங்க அண்ணி. பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்.

— அலமாரியில நீலக் கவுன் இருக்கு, எடு. தொப்பி மேல் தட்டுல.

— வர்றீங்களா?

— வர்றேன். ஆனா நீ பேச வேணாம். நான் பேசுறேன்.

— என்னன்னு பேசுவீங்க?

— கல்லறையில நான் சொன்னது பொய்னு. சொல்லும்போதே அது பொய்னு எனக்குத் தெரியும்னு. அன்னைக்குக் காலையில உங்க அண்ணன் உன் வீட்டுக்குத் தனியா வரலை, கிளியோ. வேலி ஓரம் வண்டிக்குள்ள நான் உக்காந்திருந்தேன். "ஒடெஸா சொல்றதுதான் சரி, இனிமே என் வாசல்ல காவலுக்கு உக்காராதே"ன்னு அவரு சொன்னதும் கேட்டுச்சு. "உங்களைக் கொன்னுருவாங்க அண்ணே"ன்னு நீ அழுததும் கேட்டுச்சு.