இரண்டாவது அட்டை

தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி. பெரும்பாலான இடங்களில் சொன்னாலும் கேட்பதில்லை. ஒரு கரண்டியில் என்ன குடிமுழுகிப் போகிறது என்பார்கள். எல்லாம் ஒரு கரண்டியில்தான் ஆரம்பிக்கிறது.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. உங்கள் விசாரணை அறிக்கையின் பிரதி எனக்கும் வந்தது. பதினான்கு பக்கம். நான்காம் பக்கத்தில், ‘கேட் ஊழியரின் கவனக்குறைவால் இரண்டாவது அட்டை பதிவாகாமல் போயிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினீர்களாம். சூப்பர்வைசர் சொன்னார். “பேசாம கையெழுத்தைப் போடுங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு மாசம் லீவு, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருங்க” என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த வாக்கியத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது. பத்தொன்பது வருடத்தில் என் கையில் ஓர் அட்டை தவறியதில்லை.

என் வேலை சிறியது. விமானத்துக்குப் போகும் கடைசிக் கதவில் நிற்கிறேன். பயணி நீட்டும் போர்டிங் அட்டையை ஸ்கேனரின் ஒளியில் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரியும், ஒரு சத்தம் வரும், ஆள் உள்ளே போகலாம். குரங்குக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரங்கு மாட்டிக்கொள்ளும்.

ஓர் இருக்கையில் அடங்காத ஆட்கள் பக்கத்து இருக்கையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் ஒரே பெயரில் இரண்டு அட்டை வரும். இரண்டையும் ஒளியில் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால், இன்னோர் ஆள் வரவில்லை என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். புறப்படுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் அந்த இருக்கையைக் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குக் கொடுத்துவிடும். யாரையும் கேட்காது. ஆள் ஒன்றுதானே உள்ளே போகிறது, எதற்கு இரண்டு தரம் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்வார்கள். நானும் அதைத்தான் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

எங்கள் கவுண்டரின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘ஒரே பெயரில் இரண்டு அட்டை வந்தால் இரண்டையும் காட்டு. பிறகு பேசு.’ யார் கையெழுத்து என்று பார்த்தீர்களா? என்னுடையது. புதியவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதே நான்தான்.

இந்த நிலையத்துக்கு நான் வந்து ஆறு வருடமாகிறது. மாற்றலை நானே கேட்டு வாங்கினேன், காரணம் சொந்த விஷயம். இங்கே இளசுகள் எனக்கு அளவுகோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒல்லியாக இருப்பதாலும், எதிலும் இம்மி பிசகாமல் இருப்பதாலும். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் பிறவியிலேயே ஒல்லி. அதை என் பெருமையாகச் சொல்லவில்லை. அமைப்பு அப்படி.

பருமனானவர்களை நான் வெறுக்கிறேன் என்று என்னோடு வேலை பார்க்கும் கவுண்டர் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் பிழைதான். வெறுப்பதற்கு ஓர் ஈடுபாடு வேண்டும். நான் கவனிக்கிறேன், அவ்வளவுதான். வரிசையில் நிற்கும்போதே கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்கள். விமானத்தின் கழிவறைக்குள் திரும்ப முடியாது என்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உட்கார்ந்தவுடன் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, பக்கத்து ஆள் எதிர்பார்க்காத மன்னிப்பையெல்லாம் அவரிடம் கேட்பார்கள். இருக்கையின் கைப்பிடி விலாவுக்குக் கீழே பதிந்த தடம் இரண்டு நாளைக்கு மறையாது. இடது பக்கம் படுத்தால் வலிக்கும். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் நின்றால் சுவருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

மைக் விஷயத்தையும் அவள் சொல்லியிருப்பாள். இடுப்பு பெல்ட் எட்டாதவர்களுக்கு ஒட்டு பெல்ட் ஒன்று உண்டு. கேட்டால் விமானத்துக்குள்ளேயே ரகசியமாகக் கொடுப்பார்கள். நான் மைக்கில் கூப்பிட்டுக் கொடுப்பேன். “பெல்ட் எட்டாத பயணி கவுண்டருக்கு வரவும்.” இருக்கை எண்ணையும் சேர்த்துச் சொல்வேன். இருநூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் எதற்கு இருக்கிறது, எல்லோருக்கும் கேட்பதற்குத்தானே. ஓர் ஆள் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு நான் நல்லதுதான் செய்தேன். வெட்கம் இல்லாமல் ஒரு கிலோகூடக் குறையாது.

இனி அந்த நாள். மத்தியானம் இரண்டு மணி விமானம். பத்து மணி நேரப் பயணம். ஓர் இருக்கைகூட மீதி இல்லை, பட்டியலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

அந்த அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல்காரம்மா. நான் கேட்காமலே சொன்னார். மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், நான்கு வருடமாகப் பார்க்கவில்லை, குழந்தை பிறந்து இருபது நாள், டிக்கெட் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள், அதுவும் இரண்டு. ஜன்னலோரமும் அதற்கடுத்ததும். இரண்டு அட்டையையும் விசிறி மாதிரி விரித்துப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, “ரெண்டு நாற்காலி மகாராணின்னு எழுதியிருக்கேன். பார்த்தா சிரிப்பா” என்றார். வெட்கப்படவே இல்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு டாக்டர் கடிதம் ஒன்றை நீட்டினார். “இதையும் காட்டணும்னு மக சொன்னா தம்பி.” நான் படித்தேன். எதையும் இரண்டு தடவை படிப்பது என் வழக்கம். முன்பு ஒருமுறை காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, மறுபடி கட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். “நாள் பூரா மிஷின்லயே உக்காந்து வந்த வினை” என்றார். கடிதத்தை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் என் கோட்டைப் பார்த்தார். தையல்காரர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், துணியைப் பார்ப்பார்கள். கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி என் பக்கத் தையலை விரலால் தடவினார்.

“இந்தக் கோட்டை மூணு தடவை பிடிச்சுத் தச்சிருக்கீங்களே தம்பி. பழைய ஊசித் தடம் இன்னும் அப்படியே இருக்கு. இது உங்க அளவுக்கு வெட்டின கோட்டே இல்ல.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “முன்னாடி நீங்களும் நம்ம கட்சிதானா?”

கவுண்டர் பெண் வாயைப் பொத்தினாள். “ஐயோ, அளவுகோலுக்கே அளவெடுத்துட்டாங்க!” பக்கத்து கேட் ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அந்த அம்மா. “எப்படி இளைச்சீங்கன்னு எனக்கும் சொல்லிட்டுப் போங்க. பேத்தியைத் தூக்கிட்டு நடக்கணும்ல?”

கோட்டு கம்பெனி கொடுத்தது. பழைய கோட்டு. புதிது தந்தார்கள், நான் வாங்கவில்லை. வேறொருவர் கோட்டு மாறி வந்திருக்கலாம். அந்தப் பேச்சை நான் அங்கேயே மறந்துவிட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

உள்ளே அனுப்பும் நேரம் வந்தது. அந்த அம்மா இரண்டு அட்டையையும் ஒன்றாகச் சேர்த்து என் கையில் கொடுத்தார். மேலே இருந்ததை ஒளியில் காட்டினேன். பச்சை எரிந்தது, சத்தம் வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே இருந்ததைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன். “நல்லபடியா போயிட்டு வாங்கம்மா” என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

புறப்படப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது இயந்திரம் தன் வேலையைச் செய்தது. பட்டியலில் முதலில் இருந்தவர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். ஓடி வந்தார். “கடவுள் மாதிரி சார் நீங்க” என்றார். நான் விதிமுறை மட்டும்தான் என்றேன்.

ஐந்து நிமிடத்தில் உள்ளேயிருந்து போன் வந்தது. நானே நேரில் போனேன். அதற்கு அவசியமில்லை, ஆனால் போனேன். அந்த அம்மா ஜன்னலோரம் பாதி நின்றபடி கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். விற்பனையாளர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, ரெண்டையும் உங்க கையிலதானே குடுத்தேன்?”

“ஒண்ணுதாம்மா குடுத்தீங்க.”

“இல்லப்பா, நல்லா ஞாபகம் இருக்கு.”

“அப்ப இன்னொண்ணு எங்கம்மா? தேடிப் பாருங்க. நான் நிக்கறேன்.”

பையிலிருந்த எல்லாவற்றையும் இருக்கையில் கொட்டினார். குழந்தைச் சட்டைகள், நூல்கண்டு, மூக்குக் கண்ணாடி. பின்வரிசையில் யாரோ, “ஒரு ஆளுக்காக விமானமே நிக்கணுமா? லாரி பிடிச்சுப் போகச் சொல்லுங்க” என்றார்கள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இறங்கிக்கொண்டால் இரண்டு இருக்கை உள்ள விமானம் நான்கு நாள் கழித்துத்தான் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு விற்பனையாளரைப் பார்த்தார்.

“சரி தம்பி. நான் ஒடுங்கிக்கறேன்” என்றார்.

கைப்பிடியை இறக்கிவிட்டது நான்தான். முழுதாக இறங்கவில்லை. சற்று அழுத்தினேன். பணிப்பெண்ணிடம், இந்தப் பயணி அடிக்கடி எழுந்து மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. இறங்கி வந்து கதவை மூடினேன். சரியான நேரத்துக்கு விமானம் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரை ஆப்பிளைச் சாப்பிட்டேன்.

மிச்சத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விற்பனையாளர் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தூங்கினார். அந்த அம்மா பத்து மணி நேரம் யாரையும் எழுப்பவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. விமானம் தரையிறங்கி, எல்லோரும் போனபிறகு எழுந்து, கதவுவரை நடந்து, அங்கேயே விழுந்தார். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையோடு நின்றிருக்கிறாள்.

இப்படி நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் என்று சொன்னேனே. ஜன்னலோரத்தில் சிக்கிய அந்த மாதிரி ஆள் எழுந்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். பசியைவிட, தாகத்தைவிட, வலியைவிடப் பக்கத்து ஆளின் பெருமூச்சுதான் அவர்களுக்குப் பெரிது. அதை நம்பித்தான் செய்தேன்.

மகள் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி. அம்மா அனுப்பிய போட்டோவில் இரண்டு அட்டை இருக்கின்றன, இறந்தபிறகு பையில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று எங்கே? நியாயமான கேள்வி. அதற்குக் கவனக்குறைவு என்று பதில் சொல்வது அந்தப் பெண்ணை அவமதிப்பது. இதோ, உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஓரம்கூட மடங்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கோட்டின் உள்பையிலேயே இருந்தது.

கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபமில்லை. தெரிந்து செய்தேன், நிதானமாகச் செய்தேன், ஒரு பிழையும் இல்லாமல் செய்தேன். அப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுதியதை ஒருமுறை இப்படிக் கொடுங்கள்.

சரியாக இருக்கிறது. நேரம் சரி, இருக்கை எண் சரி. ஓர் இடத்தில் மட்டும் பிழை. கோட்டை மூன்று தடவை பிடித்ததாக அந்த அம்மா சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். தோள்பட்டையில் பிரித்துத் தைத்ததை அவர் கவனிக்கவில்லை. மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று போடுங்கள்.