வலைக்குள் பதினைந்து நாள்

கோழி வளர்க்கப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்தி, ஒரே இனமாக வாங்கு என்பதுதான். நான் அதைக் கேட்டதில்லை. என் கொட்டகையில் சிறுவிடை இருக்கிறது, பெருவிடை இருக்கிறது, கருங்கோழி இருக்கிறது. இரண்டு வான்கோழியும் ஒரு ஜோடி கின்னிக்கோழியும்கூட உண்டு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதான். இதுவரை ஒன்றை ஒன்று கொன்றதில்லை. கறம்பக்குடி சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் செவந்தி கொட்டகை என்று கேட்டுப் பாருங்கள் மேடம், சொல்வார்கள்.

அதற்குப் பொறுமை வேண்டும். பெரிசுக்கும் சிறிசுக்கும் தனித்தனித் தீனித்தட்டு வைக்க வேண்டும். சிறிசு ஓடி ஒளிய ஒரு மூலை விட வேண்டும். புதுக்கோழி வந்தால் எடுத்த எடுப்பில் கூட்டத்துக்குள் விடக்கூடாது. விட்டால் கொத்தியே கொன்றுபோடும். கொட்டகையின் ஒரு பக்கத்தில் கம்பிவலை அடித்துத் தடுப்பு வைத்திருக்கிறேன். புதுசு பதினைந்து நாள் அதற்குள் இருக்கும். மற்றவை அதைப் பார்க்கலாம், கொத்த முடியாது. பதினாறாம் நாள் திறந்துவிட்டால் எதுவும் சீண்டாது. பழகியிருக்கும்.

என் மருமகள் ஃபெமினாவையும் அப்படித்தான் வைத்தேன். இதைச் சொல்லத்தான் காலை பஸ்ஸைப் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் மகன் சிவபிரகாஷ் கத்தாரில் ஏசி மெக்கானிக். பங்குனியில் லீவுக்கு வந்தவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றான். ஆவூர்ப் பக்கத்துப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். ஒடிசலாக, என் தோளுயரம்கூட இல்லாமல் இருந்தாள். எனக்கு வயிறெரிந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வாசலில் நிற்கிற பெண்ணைத் துரத்துகிறவள் இல்லை நான். எட்டாம் நாள் அவன் விமானம் ஏறிவிட்டான்.

"அம்மா, அவளப் பாத்துக்கங்க" என்றான்.

"நான் பாத்துக்கிறேன்டா. நீ நிம்மதியாப் போ" என்றேன்.

மறுநாள் அவளை உட்கார வைத்து நல்லவிதமாகத்தான் பேசினேன். "ஏத்தா, எங்க சனம் ஒரு மாதிரி. ஒம் மேல கோவமா இருக்காங்க. வந்து ஏதாச்சும் வாய்க்கு வந்ததப் பேசுனா ஒனக்கு மனசு நோகும். கோவம் ஆறுற வரைக்கும் பின்னாடி கொட்டகையில இரு. பதினஞ்சே நாளு."

"பதினஞ்சு நாள்தானே அத்தை?" என்றாள். தடுப்புக் கதவு உயரம் குறைவு. அவளாகவே குனிந்து உள்ளே போனாள். மரியாதை தெரிந்த பெண், சும்மா சொல்லக்கூடாது.

பூட்டுப் போட்டது நாய்க்காக. எங்கள் வீடு தைலமரக் காட்டை ஒட்டித் தனியாக இருக்கிறது, எது வேண்டுமானாலும் நுழையும். செல்போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அந்த ரிங் சத்தம் கோழிகளுக்கு ஆகாது. பாயும் வாளியும் கொடுத்தேன். மூன்று வேளையும் சோறு, என் கையால். முதல் வாரம் சிரித்துப் பேசினாள். கோழிகளுக்கெல்லாம் பேர் வைத்தாள். அப்புறம் நாளைக் கேட்க ஆரம்பித்தாள்.

சொன்னபடி பதினாறாம் நாள் திறந்தேன். குளித்துத் தலை துவட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். வந்தவள் என்னைக் கேட்காமல் தட்டை எடுத்துக் குழம்புச் சட்டியில் கரண்டியைப் போட்டாள். புதுசு தீனித்தட்டில் முந்தினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. உச்சந்தலையில் ஒரு கொத்து விழுந்தது. கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது.

ரத்தத்தைப் பார்த்தால் கோழிக் கூட்டம் திரும்பத் திரும்ப அங்கேயே கொத்தும். சிவப்பு தெரியாமல் மறைக்க ஓர் ஊதா மருந்து வைத்திருப்போம். அதை எடுத்து அவள் தலையில் தடவிவிட்டேன். நெற்றி வரைக்கும் வழிந்தது. பழகவில்லை என்று தெரிந்துபோயிற்று. பழகாததைத் திரும்ப வலைக்குள் விட்டு, முதலிலிருந்து பதினைந்து நாள் எண்ண வேண்டும். இந்தத் தடவை அவள் தானாகக் குனியவில்லை.

அந்த வாரத்தில் அவளுடைய அம்மா வியாகுலமேரி ஆவூரிலிருந்து வந்தார். வேற்றாள் வாசலை மிதித்தால் கின்னிக்கோழிகள் காது கிழியக் கத்தும், ஆள் போகும்வரை ஓயாது. இவளும் கத்தினாள். வாசலில் நின்று கேட்டால் எல்லாம் ஒரே சத்தம்தான்.

"போன் போட்டா எடுக்க மாட்டேங்குதே சம்பந்தியம்மா" என்றார் அந்த அம்மா.

"கூடப் படிச்ச புள்ள வீட்டுக்குத் திருச்சிக்குப் போயிருக்கு. சார்ஜ் தீந்திருக்கும். நீங்க ஏன் விசாரப்படுறீங்க, எம் மக மாதிரிதான்."

பத்து முட்டை கட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கின்னிக்கோழி ஓய்ந்த பிறகும் கொட்டகையில் கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது.

மகன் கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்றேன். பிறகு உன் மேல் கோபமாக இருக்கிறாள், ஆறட்டும் என்றேன். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

பயம் இருந்ததா என்றால் இருந்தது. திறந்துவிட்டால் நேராக ஆவூருக்குப் போவாள். தலையைக் காட்டுவாள். அதன்பிறகு என் பிள்ளை என் வாசலை மிதிக்கமாட்டான். அவன் அப்பா போனதிலிருந்து ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒண்டியாக இருக்கிறேன், அவன் குரல் ஒன்றுதான் எனக்குத் துணை. அதனால் ஒவ்வொரு நாளும் நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது பதினைந்து முடிந்தது. அவள் பார்வை சரியில்லை என்று தோன்றியது, மூன்றாவதை ஆரம்பித்தேன்.

அதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது. கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுப்பகலில் அடுப்புக்குள் இருக்கிற மாதிரிதான். ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டால்தான் உயிர் தாங்கும். நேற்று என்னிடம் ஆறு சாக்கு இருந்தது. கோழிக்கு வேர்க்காது மேடம், மனுஷருக்கு வேர்க்கும். அதனால் ஆறையும் நனைத்துக் கோழிப் பக்கமே கட்டினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் கட்டுவார்கள்.

நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டாள். குரல் கட்டியிருந்தது.

"அத்தை, மூச்சு முட்டுது. கதவ மட்டும் தெறந்து வச்சுட்டுப் போங்க. நான் எங்கிட்டும் போகமாட்டேன். சத்தியமா."

"இன்னும் நாலு நாளுதான் தாயி" என்றேன். ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போனேன்.

என் நாத்தனார் ராக்காயி பேத்திக்குக் கறம்பக்குடியில் காதுகுத்து. சாப்பிட்டுப் பேசிவிட்டு வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிட்டது. கின்னிக்கோழி கத்தவில்லை, கொட்டகை அமைதியாக இருந்தது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஃபெமினா கம்பிவலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சொம்பு காலியாகிக் கிடந்தது. விரல்களை வலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவளைப் பாயில் கிடத்தி முகம் துடைத்துவிட்டேன். அப்போது எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பூட்டியது நான், அடித்தது நான், தண்ணீர் பற்றாது என்று தெரிந்தே போனதும் நான். இதில் மறைக்க எதுவும் இல்லை.

கோபமாக இருந்த சனம் யார் யார் என்று கேட்கிறீர்கள். நேற்றுக் காதுகுத்தில் ராக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமக எங்க மதினி? எத்தன தடவ கேக்குறது, கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க. சேலையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். திருமயத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் வைஷ்ணவி, மதினியை நாலு நாள் என்னிடம் அனுப்பிவிடும்மா என்று வாராவாரம் போன் செய்தாள். ஊரில் வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் யாருக்குப் பயந்து அந்தப் பெண்ணைப் பூட்டி வைத்தாய் என்கிறீர்கள். உங்களுக்குப் புரியவில்லை மேடம். அந்த வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். என்னிடமிருந்து அவளைக் காப்பாற்ற வேறு யார் இருந்தார்கள்?