குறை ஏதும் காணப்படவில்லை

போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது இன்ஸ்பெக்டர் அம்மா. இரண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். நான் வீட்டில் அப்படித்தான் போடுவேன். முத்துசெல்வம் மூன்று நாளில் என் கையால் பதினேழு டீ குடித்திருக்கிறான். ஒன்றில்கூட மிச்சம் வைத்ததில்லை. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் பூவனலிங்கம். வயது ஐம்பத்தேழு. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தேன். இப்போது கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். மகன் மணிகண்டபிரபுவுக்கு ஓசூரில் வேலை. அவனுக்குச் சமைத்துப் போட என் வீட்டுக்காரி பேபியும் போய் எட்டு மாதமாகிறது. கிளம்பும்போது மகன் தன் வீடியோ கேம் பெட்டியை என்னிடம் கொடுத்து, "பந்து வெளையாட்டு இருக்குப்பா. பழகிக்கிடுங்க, பொழுது போவும்" என்றான். பழகிக்கொண்டேன்.

கோளாறெல்லாம் அந்தப் பெட்டியில்தான். நான் பந்தை உருட்டிக்கொண்டு கோல் வரைக்கும் போவேன். காலை ஓங்குவேன். பீப், பீப், பீப். ஆரஞ்சு விளக்கு எரியும், டிவி இருண்டுவிடும். கன்ட்ரோலரின் இடது குமிழ் வேறு தொடாமலே ஒரு பக்கமாக இழுக்கும்; என் ஆட்டக்காரன் மைதானத்தை விட்டு வெளியே போய்க் கம்பத்தில் முட்டிக்கொண்டு நிற்பான். நான் கோபக்காரன் இல்லை. முப்பது வருஷம் தீப்பெட்டி மருந்துக்கும் குச்சிக்கும் நடுவில் இருந்தவனுக்குக் கோபம் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த மூன்று பீப் இருக்கிறதே, ஆளைப் பார்த்து நக்கல் அடிக்கிற மாதிரியே இருக்கும்.

மதுரை சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கே ஏசி அறையில் சமர்த்தாக ஓடும், சனியன். நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் அரை மணி நேரத்தில் பீப். மூன்றாம் தடவை அங்கிருந்த பெண், "அங்கிள், ஒருவேளை உங்களுக்கு ஆடத் தெரியலையோ" என்றாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ரயில் திருமங்கலம் தாண்டும்வரை முகத்திலிருந்து அந்தச் சிரிப்பை எடுக்க முடியவில்லை.

கடைசியில் வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை. பெட்டி அணைவதை அந்த ஆள் தன் கண்ணால் பார்த்து எழுதித் தரவேண்டும். எழுதிவிட்டால் புதுப் பெட்டி.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு முத்துசெல்வம் வந்தான். புதூர்க்காரன், மரியாதை தெரிந்தவன். செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே, "சட்டுனு பாத்துட்டுக் கெளம்புதேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம காலைல எனக்கு நிச்சயதாம்பூலம், பொண்ணு குளத்தூரு" என்றான். முகமெல்லாம் பல். பெட்டியைப் போட்டான். ஓடியது. சோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்று எனக்கும் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தான். இரண்டு ஆட்டம் முடிந்தும் பெட்டி கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

"ஒரு கொறையும் இல்லையே அண்ணாச்சி."

"பொறுங்க தம்பி. அது ஆளப் பாத்துத்தான் வேலையக் காட்டும்."

ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறித்தவனை ராகுகாலத்தில் வாசல் தாண்ட விடலாமா. முட்டைக்குழம்பு வைத்துப் போட்டேன். மூன்று மணிக்கு மேல் மழை வருகிற மாதிரி இருந்தது. நம் பக்கம் மழை எத்தனை நாள் வருகிற மாதிரியே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. தங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய பைக் சாவியைக் காணவில்லை. சாவி என் பெல்ட் பையில்தான் இருந்தது. இருந்தாலும் நானும் கூடவே தேடினேன். விருந்தாளியைத் தனியாகத் தேடவிடுவது அழகில்லை. மத்தியானம் அவன் செல்போன் தண்ணீர்ச் செம்பில் விழுந்தது. விழுந்தது என்றால், செம்புக்கு மேலே நான் பிடித்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். நனைந்த போனை அரிசிக்குள் போட வேண்டும் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். போட்டேன். எலித் தொல்லைக்காக எங்கள் வீட்டு அரிசி டிரம்மைப் பூட்டித்தான் வைப்போம்.

அன்று சாயங்காலம் என் போனிலிருந்து அவன் அம்மா சுடலையம்மாளிடம் பேசினான். இடையில் நானும் வாங்கி, "மதினி, நாளைக்கு சனிக்கெழம, கெழக்க சூலம்லா. தம்பி கெழக்க பாத்துத்தான வரணும்" என்றேன்.

"நல்லவேள சொன்னிய அண்ணாச்சி" என்றார்கள். பிறகு மகனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, கோட்டி புடிச்சா அலையுத? அவிய சொல்லுதபடி இருந்துட்டு ஞாயித்துக்கெழம விடிய வா. சூலத்துல வந்து நிக்காத, ஆமா." பெற்றவளே சொன்ன பிறகு இதைக் கடத்தல் என்று எப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். பூட்டியிருந்தது. "சூலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தெறந்து விடுங்க அண்ணாச்சி" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்றேன். அவசரமாகப் பேனாவை எடுத்து, 'பெட்டி என் கண்முன் அணைந்தது' என்று எழுதி நீட்டினான். கிழித்துப் போட்டேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதலாமா. பொய்ச் சீட்டு காட்டிச் சாமான் வாங்குகிற வம்சம் இல்லை அம்மா எங்களுடையது. அவன் சோபாவில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே கடித்தான். பிறகு ஒரு ஆட்டம் போட்டோம். நான் மூன்று கோல் போட்டேன்.

இன்று விடிந்ததும் அவன் குளித்துவிட்டு, என் மகனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். நான் போனை அணைத்து வைத்திருந்தேன். மகனும் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை என்று எட்டு மணிக்கு அவன் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பூட்டை உடைத்திருக்க வேண்டாம், கேட்டிருந்தால் சாவி கொடுத்திருப்பேன். உங்கள் ஜீப்பிலேயே அவனைக் குளத்தூருக்கு அனுப்பினீர்கள். பத்து இருபதுக்குத் தாம்பூலம் மாற்றியாயிற்று என்று ஏட்டையா சொன்னதும் என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்று நாளில் அந்தப் பெட்டி ஒரு தடவைகூடவா அணையவில்லை என்று கேட்டீர்கள். இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிவிடுகிறேன். அணைந்தது. வியாழக்கிழமையே, அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தபோது அணைந்தது. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடிவந்து பார்த்திருப்பான். அஞ்சு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புதூருக்குக் கிளம்பியிருப்பான். என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் அங்கிருந்தே, "இன்னொரு ஆட்டம் போடுவமா அண்ணாச்சி?" என்று கேட்டான். எட்டு மாதமாக என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டிவியை மறைத்து நின்றுகொண்டு பொத்தானை அமுக்கி, மறுபடி ஓடவிட்டேன்.

அதற்கப்புறமும் பத்து தடவை அணைந்தது. அணையும் முன்னால் உள்ளேயிருக்கிற விசிறி ஊளையிடும், எனக்கு அது பழக்கம். சத்தம் ஏறினால், "தம்பி, உள்ள போயி ஒரு செம்பு தண்ணி கொண்டாருங்க" என்பேன். தட்டாமல் எழுந்து போவான்.

கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி தருகிறோம் என்று உங்களுக்குப் போன் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. நல்ல பெட்டி வைத்திருக்கிறவன் வீட்டுக்கு எவன் வருவான்.