செத்ததாகப் பார்த்து

பழைய சாமான் சந்தையில் நமக்குப் பிடித்த பொருளை முதலில் கையில் எடுக்கவே கூடாது மேடம். பக்கத்தில் கிடக்கும் இஸ்திரிப்பெட்டியை எடுங்கள். வயரை இழுத்துப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குங்கள், விலை கேளுங்கள். கடைக்காரர் அதன் பெருமையைப் பாடி முடிக்கும்வரை தலையாட்டிவிட்டுக் கீழே வையுங்கள். அப்புறம் போகிற போக்கில், "அதென்ன, பசங்க விளையாடுற கேசட்டா?" என்று கேளுங்கள். இஸ்திரிப்பெட்டி விலைபோகாத எரிச்சலில் கேசட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவார்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். கடையில் இப்போது கூட்டம் இல்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பராமரிப்பு விடுதியில் அண்ணன் ஆடி வைத்திருந்த விளையாட்டை யார் அழித்தது என்று கேட்டீர்கள். அவன் இனி வீடு திரும்புவதும் திரும்பாததும் இதில்தான் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பழைய வீடியோ கேம் தேடுவது என் பொழுதுபோக்கு. காதுக்கருவிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்க முடியும், சொல்லுங்கள். நாள் முழுக்கப் பெரியவர்களின் காதோரம் நின்று, பொட்டளவு பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு, "கேக்குதா, இப்பக் கேக்குதா" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். விடுமுறை நாளில் வாய் பேசாத சாமான்களோடு இருந்தால் நிம்மதி. வேண்டாத பொருள்களை வாங்கி விற்கும் கடைகளில், மூடி தொலைந்த பிளாஸ்க்குக்கும் ஒற்றைக் காது முயல் பொம்மைக்கும் நடுவே ஒரு விளையாட்டுப் பெட்டி புதைந்து கிடக்கும். அதன் மதிப்பு விற்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்துச் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

சந்தையின் கடைசியில் ஒரு அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாரும் ஸ்டூலக்கா என்பார்கள். நேர்மையான ஆள். குட்டி டிவி ஒன்றில் ஒவ்வொரு கேசட்டையும் போட்டுக் காட்டித்தான் விற்பார். அந்தக் காலத்துக் கேசட்டுகள் சிலவற்றுக்குள் சின்ன பேட்டரி இருக்கும். நீங்கள் எதுவரை ஆடினீர்கள் என்பதை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். அது செத்துவிட்டால் கேசட் ஓடும், படம் வரும், எல்லாம் சரியாக இருக்கும். ஸ்விட்சை அணைத்ததும் மறந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படிப்பட்டதை எல்லாம் ஸ்டூலக்கா தனியாக ஒரு செருப்பு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். நான் அந்த டப்பாவைத்தான் கேட்பேன்.

"என்னங்க நீங்க, எல்லாரும் உயிருள்ளதாப் பாத்து வாங்குவாங்க. நீங்க செத்ததாப் பாத்துக் கேக்குறீங்க?"

"எனக்கு இது போதும்க்கா."

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமாங்க?"

என்னைக் கஞ்சன் என்றே நினைத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். நீங்கள் அண்ணனுக்குக் கேசட் வாங்கப் போனபோது இதைத்தான் சிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட வயதில் மதில்மேலிருந்து விழுந்து எனக்குக் கால் உடைந்தது. கோடை விடுமுறை முழுக்க இடுப்புவரை மாவுக்கட்டு. வெளியே பையன்கள் கத்துகிற சத்தம் கேட்கும்; நான் கட்டிலில் கிடப்பேன். எனக்கென்று இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. கையில் தீப்பந்தம் வைத்திருக்கும் குட்டி மனிதன் ஒருவன் கோபுரத்தில் மாடி மாடியாக ஏறுவான். உச்சியில் ஒரு விளக்கு அணைந்து கிடக்கும். அதை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் பெயர் கேட்கும். ஆங்கிலத்தில் நாலே எழுத்துக்குத்தான் இடம்.

அண்ணன் என்னைப் பொடி என்று கூப்பிடுவான். ஆள் குட்டை என்பதால் அவனாக வைத்த பெயர். அம்மா அப்பாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் மறைக்கவில்லை. அதைத்தான் அந்த நாலு கட்டத்தில் அடித்தேன். விடுமுறை முடிவதற்குள் பொடி கடைசி மாடிக்கு வந்துவிட்டான். மறுநாள் விளக்கேற்ற வேண்டியதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் அண்ணன் கூட்டாளிகளோடு வந்தான். அந்தக் கேசட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம். நான் ஏறிய மாடிகளோடு சேர்த்து என் பெயரை அழித்தான், தன் பெயரை அடித்தான். எழுந்து போய்த் தடுக்க எனக்குக் கால் இல்லை. கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழுததும் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"விளையாட்டுதானேடா பொடி. இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

அம்மாவும், "அண்ணன்தானே, விட்டுக் குடுடா" என்றாள். மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் அந்தப் பெட்டியையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டான். அண்ணி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையை வாங்கித் தந்ததே அவன்தான். என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினான். கேட்டதையெல்லாம் கொடுத்தான். அவனாகக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

பக்கவாதம் வந்து அவனுக்கு வலது பக்கமும் பேச்சும் போனபோது, கைக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்க நீங்கள் வந்தீர்கள். "சின்ன வயசுல அவருக்குப் பிடிச்ச விளையாட்டு ஏதாவது இருந்தாக் குடுங்க. விரலும் அசையும், ஞாபகமும் பழகும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த வாரமே சந்தைக்குப் போனேன். செருப்பு டப்பாவில் அதே கோபுரம். அட்டை கிழிந்து, யாரோ பேனாவால் கிறுக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு நாள்தான் இஸ்திரிப்பெட்டியை மறந்துவிட்டு நேரே கையில் எடுத்துவிட்டேன்.

கூடவே வேறு சில கேசட்டுகளும் வாங்கினேன். எல்லாம் செத்தவைதான். ஒன்று ஞாபகம் வைத்து இன்னொன்று மறந்தால் சந்தேகம் வருமே. அந்தப் பேட்டரியை மாற்ற எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் இப்படிப் பார்க்கிறீர்கள்.

அண்ணன் இடது கையாலும், வலது கையில் மிச்சமிருந்த ஒரு விரலாலும் ஆடினான். வியர்த்துக் கொட்டும். நாள் முழுக்க ஆடி மூன்றாவது மாடி, நாலாவது மாடி என்று ஏறுவான். அண்ணி படுக்கப் போகுமுன் எல்லா ஸ்விட்சையும் அணைக்கிறவர். காலையில் போட்டால் மறுபடி முதல் மாடி. அவன் டிவியைக் காட்டி, விரல்களை நீட்டி, நாலு, நாலு என்று காட்டுவான். அண்ணி என்னைப் பார்ப்பார். நான் லேசாகத் தலையை ஆட்டுவேன். இல்லை என்று வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். ஏறாததை எல்லாம் ஏறியதாக நினைக்கிறார், ஞாபகம் நம்பும்படி இல்லை என்று நீங்களும்தானே சொன்னீர்கள். போகப் போக அவனே அவனை நம்பவில்லை. விரலை நீட்டுவான், பாதியில் மடக்கிக்கொள்வான்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும், தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். விடுமுறை தவறாமல் போவேன், அவனுக்குச் சவரம் செய்துவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன். அதெல்லாம் நடிப்பில்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் பெயர் கேட்டபோது அண்ணன் தன் பெயரை அடிக்கவில்லை. பி, ஓ, டி, ஐ. அடித்துவிட்டு என்னைப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் சிரித்தானா என்று சொல்ல முடியாது. சிரித்தான் என்றுதான் எனக்குப் பட்டது. பக்கவாதம் வந்தும் கிண்டல் போகவில்லை பாருங்கள்.

கேசட் மறந்துவிடுவதால் தினமும் காலையில் அதே நாலு எழுத்தை அடித்தான். ஒருநாள் அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்று டிவியைப் படித்தார். ஆங்கிலத்தில் குறில் ஏது, நெடில் ஏது. பொடியும் போடியும் அதில் ஒன்றுதான்.

"தம்பி, இங்க பாருங்க. தினம் விடிஞ்சா முதல் வேலையா என்னையப் 'போடி'ங்கிறாரு."

அண்ணன் பதறிப்போய்த் தலையை ஆட்டினான்.

"அப்ப யாரைச் சொல்றீங்க? என்னைய விட்டா இந்த வீட்டுல வேற யாரு இருக்கா 'போடி'ன்னு சொல்ல?"

அவன் கையைத் தூக்கி என்னைக் காட்டினான். நான் வாசலையொட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் கண் அந்தக் கையோடு வந்து, என்னைத் தாண்டி, திறந்து கிடந்த வாசலில் போய் நின்றது.

"வெளிய போன்னு கையக் காட்டுறாரு தம்பி. குளிப்பாட்டுறேன், வாயத் தொடைக்கிறேன், ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு எனக்கு இதுதானா மரியாதை?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணி, அது நான்தான்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வாய் வராமல் இல்லை. கட்டிலில் கிடந்துகொண்டு, கண்ணெதிரே நடப்பதைத் தடுக்க முடியாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் வாசலோர நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். நல்ல காற்றும் வரும்.

அண்ணி எவ்வளவு நாள்தான் தாங்குவார். அந்தச் சொல்லே அவரைத் தின்றுவிட்டது. "என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலைன்னா அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று அவர்தான் விடுதிக்கு ஏற்பாடு செய்தார். நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றும்போது அவன் அண்ணியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நான்தான். மெதுவாகத்தான் பிரித்தேன்.

அங்கே நீங்கள் விடாமல் அவனைப் பார்க்கப் போனீர்கள். உங்கள் கைக்காசில் ஸ்டூலக்காவிடம் அதே கோபுரத்தை உயிருள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தீர்கள். அவன் ஏறிக்கொண்டே போயிருக்கிறான். கடைசி மாடிக்கு வந்தவன் விளக்கை ஏற்றாமல் அப்படியே நிறுத்திவிட்டானாம். ஏத்துங்க, ஏத்துங்க என்று நீங்கள் சொன்னால் கதவைப் பார்க்கிறானாம். யாருக்காகக் காத்திருக்கிறான் என்று உங்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று அண்ணியிடம் சொல்ல இருந்தீர்கள். அதற்குள் நான் போனேன்.

போன விடுமுறை நாள்தான். ஹாலில் இரண்டு பெரியவர்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் டிவியைக் காட்டினான். கடைசி மாடி. மேலே அந்த நாலு எழுத்து. குட்டி மனிதன் விளக்குக்குக் கீழே தீப்பந்தத்தோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கன்ட்ரோலரை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினான். பிடி நழுவியது. விழுந்துவிடும் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்திருக்கும். நான் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து முதல் பக்கத்துக்குப் போனேன். அழிக்கவா என்று கேட்டது. பழைய விளையாட்டானாலும் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

"விளையாட்டுதானேண்ணா" என்றேன்.

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வகையில் அவனைவிட நான் மேல். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். கதவருகே திரும்பிப் பார்த்தபோது, ஒற்றை விரலால் மறுபடி அதே பி, ஓ, டி, ஐ அடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது. அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான், தினம் தினம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்கிறீர்கள். இருக்கலாம். கேட்கிறவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். கேட்டிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.