இடது பக்கத்து பெல்ட்

இல்லைங்க சார், ஏ.சி. கிடக்கட்டும். பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். உங்கள் மகளுக்கு அப்படி ஒன்று வாங்குவதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு காலத்தில் மில் முதலாளிகள் மட்டும் வைத்திருந்த ஜெர்மன் கார் இன்று புதுச் சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. முன்பு வைத்திருந்தவர்கள் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அதோடு கூடவே வந்து சேரும். ஒரே மூச்சில் செய்து முடிக்க முடியாது. எதை முதலில் செய்வது, எதை விட்டுவைப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் தரத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். அண்ணி சண்முகப்பிரியா வெளியே காரில் இருக்கிறார். இங்கிருந்து திருச்செங்கோடு மலைக்குப் போகிறோம். அண்ணன் தமிழரசு உட்கார்ந்து செத்த அதே முன் பக்கத்தில் அண்ணி இப்போது உட்கார்ந்திருக்கிறார். அதனால் கிளம்புவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் லாரி டிரைவர் ராசு மேல் கேஸ் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

அந்தக் காரை நான் பந்தாவுக்கு வாங்கவில்லை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் அப்படியே அறுந்துவிடும். ரோடு வேறு யாருடையதோ போல ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். காரிலும் அவர்தான் முன்னால் உட்காருவார். மூத்தவர் முன்னால், இளையவன் ஸ்டியரிங்கில், பெண்டுபிள்ளைகள் பின்னால். எங்கள் பக்கம் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வாங்கியபோதே மெக்கானிக் பச்சமுத்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க மோகன், காரு வாங்குனீங்களா, மாமியார வாங்குனீங்களா? ஒண்ண சரி பண்ணுனா அடுத்ததுக்கு மொகத்தத் தூக்கி வெச்சுக்குமுங்க."

அவர் சொன்னபடியே பிரேக்கை முதலில் முடித்தேன். பிறகு டயர். பிறகு காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன். காலையில் பார்த்தால் கார் மாடு படுத்த மாதிரி ஒரு பக்கமாகக் கிடக்கும். அதைச் சரிசெய்யும்போதுதான் பச்சமுத்து இடது பக்க சீட்டைக் கழற்றினார். சிரிப்பு போய்விட்டது.

"இது முன்னால ஒருக்கா மோதுன காருங்க. வலது பக்கம் மட்டும் புதுசு பண்ணிருக்காங்க. இந்தப் பக்கம் பெல்ட் இறுகிக் கெடக்குது, இழுத்தா வராது. ஏர்பேக்கும் இல்லீங்க, வெறும் மூடிய ஒட்டி வெச்சிருக்காங்க. மொதல்ல இதப் பண்ணிப்போடுங்க. மத்ததெல்லாம் அப்பறம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் சாமியைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் செய்வதில்லை. கருப்பணார் முன்னால் இரண்டு பொட்டலம் போடுவோம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வழியில் போகிற குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். பெல்ட்டுக்குக் கேட்டேன். சிவப்பு வந்தது.

அதனால் மழைக்கு ஒழுகிய மேல் கண்ணாடியைச் சரிசெய்தேன். பாட்டுப் பெட்டியை மாற்றினேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் சிவப்பு. பெயின்ட் அடித்தேன். பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் டிங் டிங் என்று மணியடிக்கும், அண்ணனுக்கு அது ஆகாது. கார் சாமான் கடையில் பூட்டுக்குள் செருகுகிற பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக விற்பார்கள். அதை வாங்கிச் செருகினேன். கார் அமைதியாகிவிட்டது. தான் பத்திரமாக இருப்பதாக அண்ணனும் நினைத்துக்கொண்டார். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டிருக்கிறதே என்று ஒருநாள் கேட்டார். "இந்தக் காருல அப்படித்தானுங்கண்ணா" என்றேன்.

இந்தப் பூ விஷயத்தை நான் அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிபாளையத்தில் நர்மதா என்று ஒரு பெண் பார்த்தோம். ஜாதகம் பொருந்தியது. நாங்கள் இருவரும் போனில் பேசவும் தொடங்கியிருந்தோம். அவள் எதற்கும் அவசரப்பட மாட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். அண்ணன் பூ கேட்டார். சிவப்பு வந்தது. "சாமிக்கே புடிக்கலடா, நாம என்ன பண்றது" என்று முன்னால் நடந்தார். வண்டிச் சாவியைச் சாமி முன்னாலேயே விட்டு வந்திருந்ததால் நான் திரும்பப் போனேன். எடுக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் செவ்வரளி.

ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கல்யாணமானால் தோட்டம் பாகம் பிரியும், அவ்வளவுதான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் காரை வாங்கினேன்.

ஆமாம் சார், பெல்ட்டுக்கு நான் கட்டியபோதும் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான். ஆனால் எடுத்தது நான் இல்லை. கருப்பணார் நினைத்திருந்தால் ஒன்றையாவது வெள்ளையாக்கியிருக்க முடியாதா?

அன்று பொழுது சாய்கிற நேரம். ராசு லாரியை இடது ஓரத்தில் நிறுத்தி டயர் கழற்றிக்கொண்டிருந்தார். பின் விளக்கு எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எரிந்தது. வெகுதூரத்திலேயே பார்த்தேன். அண்ணன் பேசிக்கொண்டு வந்தார். "காரும் செகண்டு, இனி பொண்ணும் செகண்டாத்தான் பாக்கோணுமாட்ட இருக்குதுடா" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் ஒடிப்பார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். கொஞ்சம்தான் ஒடித்தேன். என் பக்கம் தப்பும் அளவுக்கு. பிரேக் மிக நன்றாக இருந்தது. அதை நான் மிதிக்கவில்லை.

பிறகு காரைத் திரும்பச் சரிசெய்தேன். பச்சமுத்து தொட மாட்டேன் என்றுவிட்டார், சேலத்தில் வேறு இடத்தில் விட்டேன். இடது பக்கத்து பெல்ட்டை மட்டும் தொடச் சொல்லவில்லை. ஓடுகிறது. ஆனால் நான் தனியாக ஓட்டும்போது இடது சீட் முதலில் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. அண்ணன் உட்காரும்போது அந்தத் தோல் சீட் அப்படித்தான் அமுங்கும். அதற்குப் பிறகு மணி அடிக்கிறது. வயரைக் கழற்றினேன். சீட்டையே மாற்றினேன். கேட்கிறது. பனமரத்துப்பட்டி ஏரிக் கரையில் நிறுத்தி, இறங்கி நின்றுகூடப் பார்த்தேன். ஆளில்லாத காருக்குள் அது பொறுமையாக அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணி உட்கார்ந்தால் மட்டும் நின்றுவிடுகிறது சார். அதனால்தான் அவரை முன்னால் உட்கார வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

போன வாரம் இளம்பிள்ளையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. அண்ணியே பொட்டலம் கட்டிப் பூ கேட்டார். சிவப்பு. "அடுத்தது பாக்கலாம் சாமி, வருத்தப்படாத" என்று என்னைத் தேற்றினார். அந்த இன்னொரு பொட்டலத்தை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. மறுநாள் நான் போய் பெல்ட்டுக்குக் கேட்டேன். சிவப்புதான்.

அண்ணி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அண்ணன் மேலும் இருந்ததில்லை. மலைக்குப் போகிற ரோட்டில் இந்நேரம் லாரிகள் ஓரங்கட்ட ஆரம்பித்திருக்கும். அண்ணி ஹாரன் அடிக்கிறார், கேட்கிறதா? சார், இந்தச் சாவியை இன்றைக்கு நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?