சாத்துக்குடிக்குப் பதினாறு நாள்

சாத்துக்குடிக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் அடி அண்ணாமலையில் சிரிப்பார்கள். பெற்ற பிள்ளைக்கே கழுத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிற ஊர். நான் சாத்துக்குடிக்குத்தான் காய்ச்சல் பார்த்தேன், தினம் மூன்று வேளை.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத்து கோணலாக இருக்கும். மூட்டை தூக்கின கை. நாற்பத்தொரு வயசில் முதியோர் கல்வியில் சேர்ந்து படித்த எழுத்து. மெதுவாகத்தான் வரும், ஆனால் பொய் வராது.

செங்கம் ரோட்டில் கோதண்டராமன் முதலாளியின் பழமண்டிக்குப் பின்னால் நிற்கிறதே ஒரு இரும்புப் பெட்டி, அது கப்பலில் ஏறுகிற பெட்டி. மெட்ராஸ் ஹார்பரிலிருந்து லாரியில் வரும். பழத்தை அடுக்கி, மிஷினை ஓட்டிக் குளிர வைத்து, நாள் முடிந்ததும் அப்படியே ஹார்பருக்குத் திருப்பி அனுப்புவோம். நம் பழத்துக்குள் ஈ முட்டையிட்டிருக்கும் என்று வெளிதேசத்துக்காரர்களுக்குப் பயம். அந்த முட்டை சாக வேண்டுமென்றால் பழத்தின் உள்சதை பதினாறு நாள் இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். பழத்துக்குள் கம்பி குத்தி வைத்திருக்கும். கம்பியின் மறுமுனையில், பெட்டிக்கு வெளியே, கடிகாரம் மாதிரி ஒரு முள். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. முள் காட்டுவதை நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரே ஒரு தடவை இரண்டைத் தாண்டினாலும் போச்சு. பதினைந்து நாள் ஓடியிருந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே சூப்பர்வைசர் தசரதன் சார்தான். நல்ல விவரமானவர். அதை மறைக்க மாட்டேன்.

மார்கழியில் போன லோடு. பதினாலாம் நாள் அவர் பெட்டியைத் திறந்து, யாரோ விருந்தாளிக்கு என்று ஒரு கூடை பழம் எடுத்தார். பேச்சுவாக்கில் கதவு அரைமணி நேரம் திறந்தே கிடந்தது. முள் மூன்றுக்குப் போனது. "ஒண்ணுனு எழுது சடையா," என்றார். எழுதினேன். மேலே இருக்கிறவர் சொன்னால் எழுதுவதுதான் எழுத்து என்று அப்போது நினைத்திருந்தேன்.

அக்கரையில் பழத்தை அறுத்துப் பார்த்தபோது புழு நெளிந்ததாம். மொத்த லோடையும் கடலில் கொட்டிவிட்டார்கள். முதலாளி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். தசரதன் சார் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நேத்து வரைக்கும் இவன் கைநாட்டு, முதலாளி. மூணுக்கும் ஒண்ணுக்கும் இன்னா வித்தியாசம் தெரியும் இவனுக்கு?"

கூலிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். எட்டு மாசம் மறுபடி மூட்டை தூக்கினேன். என் சம்சாரம் தனம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "எழுதத் தெரியாதப்ப மரியாதையா இருந்தய்யா நீ," என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

ஆவணியில் முதலாளியே கூப்பிட்டு நோட்டைத் திரும்பக் கொடுத்தார். "சடையா, இந்த லோடு ஒன்ன நம்பி வுடறேன். பதினாறு நாளும் சுத்தமா இருந்தா நோட்டு ஒன்னோடது. இல்லன்னா மண்டி வாசப்படி மிதிக்காத." சுத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் மிதிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினோரு நாள் சுத்தமாகப் போனது. நோட்டை நீங்களே பார்த்தீர்கள். அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது.

பன்னிரண்டாம் நாள் மதியம் எழுதி முடித்த நேரம், தசரதன் சார் பையோடு வந்தார்.

"இன்னா கணக்குப்புள்ள, சாப்ட்டியா?"

"தொறக்காதீங்க சார். இன்னும் நாலு நாள்தான் கீது."

"மாமனார் வூட்டுக்கு ஒரு டஜன் எடுத்துக்கினு வந்துடறேன். முள் ஏறுனா ஒண்ணுனு எழுது. போன தபா எழுதல?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நல்ல பழம் கடைசியில் இருக்கும் என்று நடுவில் உள்ள சந்து வழியாகக் கடைசி வரைக்கும் போனார். கதவு திறந்து கிடந்தால் குளிர் ஓடிவிடும். சாத்தினேன். சாத்தினால் வெளியே தாழ்ப்பாளாக உள்ள இரும்புத் தண்டு இரண்டையும் இறக்க வேண்டும், அதுதான் முறை. இறக்கினேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது.

முள் ஒன்றே முக்காலில் நின்றது. எழுதினேன். இன்னொரு தரம் திறந்தால் இரண்டைத் தாண்டும். பழத்துக்காகத்தான் திறக்கவில்லை என்று உங்களிடம் வாயால் சொன்னேன், அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

தட்டினார். முதலில் திட்டினார். மிஷின் இரைச்சலில் வார்த்தை பிடிபடவில்லை, கோபம் மட்டும் தெரிந்தது. இரண்டு மணி வாக்கில் ரோட்டோரம் மோர் விற்கிற வெள்ளையம்மாள் குழாயில் தண்ணி பிடிக்க வந்தாள்.

"உள்ள இன்னாய்யா அது, டமடமனு?"

"மிஷினு. பட்டை லூசு."

"அதுக்கும் ஒன்ன மாதிரியே வயசாயிடுச்சு போல," என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள்மேல் தப்பில்லை. அவளைத் தொந்தரவு பண்ணாதீர்கள்.

அப்புறம் தட்டுவதற்கு இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது. எனக்கு எண்ணிப் பழக்கம், எண்ணினேன். உள்ளே அவர் வெறும் சட்டை வேட்டியோடு இருந்தார் என்பது ஞாபகத்தில் இருந்தது.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது தசரதன் சார் பொறுப்பு. வாங்கி வைக்கவில்லை. நான் முள்ளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குள் அது இரண்டைத் தாண்டி இரண்டே காலில் நின்றது. பன்னிரண்டு நாள் கணக்கும் அறுந்தது. முதலாளிக்குக் கொடுத்த வாக்கும் போனது. இனிக் கதவைத் திறந்தால் கெடுவதற்கு அந்தப் பெட்டியில் எதுவும் மிச்சமில்லை.

மிஷின் நின்றதால் சத்தம் தெளிவாகக் கேட்டது. கதவோரமாகவே பேசினார். நாக்குக் குழறியது.

"சடையண்ணே, மார்கழில எழுதச் சொன்னது நாந்தான்னு மொதலாளி கிட்ட சொல்லிடறேண்ணே. எழுதியே குடுத்துடறேன்."

என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். அண்ணே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எட்டு மாசமாக நான் காதால் கேட்க நினைத்ததும் அதுதான். கேட்டேன். நோட்டில் இரண்டே கால் என்று எழுதினேன். மறுபடியும் அண்ணே என்று சொல்கிறாரா என்று பார்த்தேன். சொன்னார். கரண்ட் வந்தது. மிஷினைப் போட்டேன். அதன் இரைச்சலில் அவர் குரல் அமுங்கிப் போனது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதல் நாள் என்று எழுதினேன்.