இடக்கைக் கட்டு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கடைசியில் இருப்பவளுக்கும் போர்வையில் இடம் கொடுங்கள். இது பயப்படுகிற கதைதான். ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகம் இதில். என் தையல்காரத் தோழியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நடந்தது.

அதிகாலை நாலரை மணி. குதிரை லாயத்திலிருந்து ஊர் எல்லைக்குப் போகிற மண்சாலை. விளக்கு ஒன்றுகூட இல்லை. அவர் தனியாக நடக்கிறார். பின்னால் குளம்புச் சத்தம்… டக், டக், டக். அப்புறம் ஓர் அடிக்கான இடைவெளி. மறுபடி டக், டக், டக். ஈரக் கம்பளித் துணியின் வாடை வேறு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருவது யாரென்று அவருக்குத் தெரியும்.

அந்த லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. எல்லாம் இடது கையால் செய்வார். அதனால் பெயரே ‘இடக்கை’ என்றாகிவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன், சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்றுக்கு இடது பின்னங்காலில் லேசான வீக்கம். கம்பளித் துணியை நனைத்துக் கட்டினார். ஈரக் கட்டு காயக் காய இறுகும். ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு மச்சினன் வந்து சினிமாவுக்குக் கூப்பிட்டான். போனார். இடைவேளையில் கட்டு ஞாபகம் வந்தது… படம் நன்றாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார். இரவு மச்சினன் வீட்டிலேயே படுத்தும்விட்டார்.

காலையில் போனால், குதிரை மூன்று காலில் நிற்கிறது. கட்டுக்குக் கீழே கால் சில்லென்று இருக்கிறது. துணியை வெட்டியெடுத்து எருக்குழியில் புதைத்துவிட்டார். முதலாளி ஓடி வந்தார்.

“என்னய்யா ஆச்சு?”

“நேத்துதான் லாடக்காரரு வந்து லாடம் அடிச்சாரு, முதலாளி.”

அவ்வளவுதான் சொன்னார். பொய் இல்லையே! லாடம் நேற்று அடித்ததுதானே. ஆணி தப்பாக இறங்கிவிட்டது என்று முதலாளியே முடிவு கட்டினார். முப்பது வருடம் லாடம் அடித்தவரை அன்றே போகச் சொன்னார்கள். குதிரையின் கதையை ஊசி போட்டு முடித்தார்கள்.

பத்தாம் நாள் வேறொரு குதிரைக்கு இடது பின்னங்கால் வீங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று… மொத்தம் ஐந்து. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தீவனத்தை மாற்றினார்கள். தரையைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டார்கள். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. வீக்கம் மட்டும் தூண் மாதிரி.

“இடக்கை, நீ தொட்டதெல்லாம் வீங்குதேய்யா! வீட்டுல உன் பொண்டாட்டி கால் எப்படி இருக்கு?” என்றான் கூட வேலை செய்கிறவன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் ஒரு குதிரையின் காலைத் தடவிப் பார்த்தார். வீக்கத்தின் மேல் வரிவரியாகப் பள்ளம். கட்டுத் துணி அழுந்திய தடம்… அந்தக் கால்களுக்கு யாருமே கட்டுப் போடவில்லை! மற்றவர்கள் கட்டினால் சுற்று ஒரு பக்கமாக ஓடும். இவர் கட்டினால் அதற்கு எதிராக. ஐந்து கால்களிலும் தடம் எதிராகத்தான் ஓடியது.

“நாளைக்குள்ள வத்தலைன்னா அஞ்சுக்கும் ஊசிதான்,” என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

இவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. நாலரைக்குக் கிளம்பினார், ஊர் எல்லையில் இருக்கிற லாடக்காரர் வீட்டுக்கு.

கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டார் லாடக்காரர். இவருக்குத் தலை நிமிரவில்லை.

“அண்ணே… அது உங்க ஆணி இல்லண்ணே. என் கட்டு.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்பா.”

கண்ணுகளா, அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் அவர் நன்றி சொல்லி இறங்கியிருப்பார்.

லாடக்காரர் கொல்லைப் பக்கம் கை காட்டினார். “தினம் இந்த நேரத்துக்கு வருது. லாடம் அடிக்க மூணு கால் குடுக்குது. நாலாவதுல கட்டு இருக்கு, என்னைத் தொட விடமாட்டேங்குது. இன்னைக்கு உன் கூடவே வந்துடுச்சு. போ… நீயே அவிழ்த்து விடு.”

போனார். இருட்டில் சாம்பல் நிறமாக நின்றது. மண்டியிட்டார். துணி சொட்டச் சொட்ட ஈரம். அவிழ்த்தார்… அவிழ்த்தார்… சுற்று குறையக் குறையக் காலும் மெலிந்துகொண்டே வந்தது. கடைசிச் சுற்று கையோடு வந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

கத்தவில்லை அவர். “மன்னிச்சுக்கோ தாயி” என்றார். அப்போது அது குனிந்து தலையை அவர் வலது தோளில் வைத்தது. நல்ல கனம்.

விடிந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போயிற்று. லாடக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். ஐந்து கால்களிலும் வீக்கம் மத்தியானத்துக்குள் வற்றிவிட்டது. எப்படி என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

போன மாதம் தோழி வீட்டில் அவரைப் பார்த்தேன். வயதாகிவிட்டது. நடந்தாலும் உட்கார்ந்தாலும் வலது தோள் ஒரு சாண் இறங்கியே இருக்கிறது. தோழி அவருக்குச் சட்டை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோளில் மட்டும் அளவு நாடா அவர் சட்டையைத் தொடவில்லை… நடுவில் ஏதோ இருக்கிற மாதிரி நாலு விரல் மேலேயே நின்றது.

சரி, படுங்கள். உங்கள் வீட்டில் வாயுள்ளதும் வாயில்லாததும் நோவில்லாமல் விழிக்கட்டும். சொல்ல வேண்டியதை அன்றன்றே சொல்லிவிட்டுத் தூங்குகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.